பழைய டீசல் ஜீப்: வாங்குமுன்னும் வாங்கிய பின்னும்

அங்கத்தினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் கடன், தவணை, பங்குத் தொகை, நூல் கொள்முதல் ஆகியவற்றைப் பற்றியனவே. எனினும் அறந்தாங்கி வட்டாரத்துச் சங்கங்களுக்குச் செல்லும்போது வேறொரு கேள்வியும் அடிக்கடி எழுகின்றது. "பழைய டீசல் ஜீப் ஒன்று மலிவாக வருகிறது, வாங்கலாமா?" என்பர் சிலர். "வீட்டில் நிற்கும் ஜீப்பை வைத்துக்கொள்வதா, தள்ளிவிடுவதா?" என்பர் வேறு சிலர். இக்கேள்வி அற்பமானதன்று. ஒரு குடும்பத்தின் பல ஆண்டுச் சேமிப்பும், சில வேளைகளில் சங்கத்திலிருந்து பெற்ற கடனும் இதில் அடங்கியிருக்கின்றன. ஆதலின் இதனைச் சற்று விரிவாக ஆராய்வோம்.

நமது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். வாங்கும் அன்று கொடுக்கும் தொகை பழைய வண்டியின் விலையில் ஒரு பகுதியே. அதனை ஓடும் நிலையில் வைத்திருக்க மாதந்தோறும் ஒதுக்கும் பணமும், வாரந்தோறும் ஒதுக்கும் ஒரு மணி நேரமும் சேர்ந்ததே முழு விலை. இவ்விரண்டையும் ஒதுக்க இயன்றவருக்கு அவ்வண்டி நல்ல உழைப்பாளி. இயலாதவருக்கு அது வாசலில் நிற்கும் கடன்காரன்.

இவ்வண்டியை நாடுவது ஏன்?

அறந்தாங்கிக்குக் கிழக்கே மணமேல்குடிக் கடற்கரை. தென்கிழக்கே ஆவுடையார்கோயில் பக்கத்து ஏரிப் பாசன வயல்கள். வடக்கே கீரமங்கலம் பக்கத்துத் தென்னந்தோப்புகள். கல்லணைக் கால்வாயின் கடைமடையும் இப்பகுதியிலேயே உள்ளது. தார்ச்சாலைகள் இன்று நன்றாகவே உள்ளன. ஆயினும் சாலையிலிருந்து தோப்புக்கும் களத்துக்கும் செல்லும் வழி, ஐப்பசி, கார்த்திகை மழையில் சேறாகிவிடுகிறது. 2018 நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் கரையேறியபோது, புதுக்கோட்டை மாவட்டத்தின் கிழக்குப் பகுதிகளில் தென்னைகள் பெருந்தொகையாகச் சாய்ந்து வழிகள் அடைபட்டதை மறந்தவர் இலர். இத்தகைய நாள்களில் நான்கு சக்கரங்களும் உந்தும் வண்டியின் அருமை விளங்கும்.

ஜீப் இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் வில்லிஸ், போர்டு ஆகிய கம்பெனிகளால் பெருவாரியாகச் செய்யப்பட்ட வண்டி. பின்னர் மகிந்திரா கம்பெனி இதன் பாகங்களை வரவழைத்துப் பம்பாயில் பூட்டத் தொடங்கிற்று. 1952 அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கிய சமுதாய வளர்ச்சித் திட்டத்தோடு, 'பி.டி.ஓ. ஜீப்' என்ற பெயர் கிராமங்களில் வழங்கலாயிற்று. தொடக்கத்தில் வந்தவை பெட்ரோல் வண்டிகள். டீசல் எஞ்சின் பின்னரே வந்தது. 1979-இல் பிரான்சு நாட்டுப் பெஜோ கம்பெனியுடன் செய்துகொண்ட உடன்பாட்டின் பயனாய் வந்த எஞ்சினைத்தான், எம்.எம். 540 போன்ற ஜீப்புகளில் நம்மவர் நன்கறிவர். அது நான்கு சிலிண்டர்கள் கொண்டது. சிலிண்டரின் விட்டம் 90 மில்லிமீட்டர். மொத்தக் கொள்ளளவு 2,112 கன சென்டிமீட்டர். 2000-இல் போலேரோவும் 2010-இல் தார் வண்டியும் சந்தைக்கு வந்தன. இவற்றுள் பழையன பலவற்றில் மின்னணுக் கருவிகள் மிகக் குறைவு. ஆதலின் சாவிகளும் பொறுமையும் உடைய ஒருவர், பராமரிப்பு வேலையில் பெரும்பகுதியை வீட்டிலேயே செய்துகொள்ளலாம்.

நான்கு சக்கர இயக்கம்

சாதாரணமாக ஓடும்போது எஞ்சினின் விசை பின் சக்கரங்களுக்கு மட்டுமே செல்கிறது. பின் சக்கரம் ஒன்று சேற்றில் சுழன்றால், டிபரென்ஷியலின் இயல்பால் விசை அச்சக்கரத்தின் வழியே வீணாகி வண்டி நகராது நிற்கும். கியர் பெட்டியை ஒட்டியுள்ள டிரான்ஸ்பர் பெட்டியின் நெம்புகோலை மாற்றினால் முன் ஆக்ஸிலுக்கும் விசை பகிரப்படுகிறது. 'லோ' நிலையில் வேகம் குறைந்து, இழுக்கும் விசை பெருகுகிறது. பழைய ஜீப்புகளில் இப்பெருக்கம் ஏறத்தாழ இரண்டரை மடங்கு.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். திருப்பத்தில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட நீண்ட வட்டத்தில் ஓட வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தைப் பூட்டிவிட்டால், முன் தண்டும் பின் தண்டும் ஒரே வேகத்தில்தான் சுழல முடியும். சேற்றிலும் மணலிலும் சக்கரம் சற்றே வழுக்கி இவ்வேறுபாட்டைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார்ச்சாலையில் வழுக்க இடமில்லை. ஆகவே அந்த முறுக்கம் முழுவதும் பற்சக்கரங்களின் மீதும் யூ-ஜாயிண்டுகளின் மீதும் விழுகிறது. 'நான்கும் இழுத்தால் பிடிமானம் அதிகம்' என்று எண்ணிக் காய்ந்த சாலையில் பூட்டிக்கொண்டு ஓட்டுவோர், தம் வண்டியைத் தாமே முறிக்கின்றனர்.

சேற்றில் இறங்குமுன் பூட்டுதல் வேண்டும். சிக்கிய பின் பூட்டுவது தாமதம். வெளியே வந்ததும் விடுவித்தல் வேண்டும். நெம்புகோல் இறுகிக்கொண்டால் அடித்துத் திறக்காமல், சில அடி பின்னோக்கி நகர்த்தினால் முறுக்கம் தளர்ந்து எளிதில் விடும். நான்கு டயர்களும் ஒரே அளவினவாகவும் ஏறக்குறைய ஒரே தேய்மானம் உடையனவாகவும் இருத்தல் வேண்டும். முன்னால் புதியதும் பின்னால் மொட்டையும் இருந்தால், நேர்ச்சாலையிலும் அம்முறுக்கம் உண்டாகும். மாதத்திற்கு ஒரு முறையேனும் மண் தரையில் சிறிது தூரம் நான்கு சக்கர இயக்கத்தில் ஓட்டினால், உள்ளிருக்கும் பாகங்களுக்கு எண்ணெய் சென்று சேரும்.

காற்று, டீசல், எண்ணெய், நீர்

பெட்ரோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைக் கொளுத்துகிறது. டீசல் எஞ்சினில் பொறி இல்லை. உள்ளே இழுத்த காற்றை இருபது மடங்குக்கு மேல் அழுத்தும்போது உண்டாகும் கடும் வெப்பத்தில், நாசில் வழியே பீய்ச்சப்படும் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. இதனை உணர்ந்தால் பராமரிப்பின் காரணமும் விளங்கும்.

காற்று: அறுவடைக் காலத்துத் தூசி எஞ்சினுக்குள் புகுமாயின், சிலிண்டரை அரம் போலத் தேய்க்கும், அழுத்தம் குறையும், காலையில் எஞ்சின் எழும்பாது. காற்று வடிகட்டியை மாதம் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். எண்ணெய்க் கிண்ணம் உள்ள பழைய வகையாயின், அடியில் படிந்த மண்ணை நீக்கிக் குறித்த அளவு புதிய எண்ணெய் ஊற்ற வேண்டும்.

டீசல்: இதன் பகை தண்ணீர். டாங்கி பாதி காலியாக நெடுநாள் நின்றால், காற்றிலுள்ள ஈரம் உள்ளே படிந்து நீராகும். பம்பிலும் நாசிலிலும் உள்ள பாகங்கள் மிக நுண்ணிய இடைவெளியில் ஓடுபவை. ஒரு துளி நீரும் அவற்றைத் துருவேற்றும். வடிகட்டியின் அடியிலுள்ள திருகைத் தளர்த்தி, நீரை அவ்வப்போது வடித்துவிட வேண்டும். வடிகட்டி மாற்றிய பின்னரும், டீசல் தீர்ந்து நின்ற பின்னரும், குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்பினால் வெளியேற்றினாலன்றி எஞ்சின் எழும்பாது. அதற்காக ஸ்டார்ட்டரை ஓயாது சுழற்றிப் பாட்டரியைக் கெடுக்க வேண்டாம். 2020 ஏப்ரல் முதல் நாடெங்கும் விற்கப்படும் பி.எஸ். 6 தர டீசலில் கந்தகம் மிகக் குறைவு. அதனைப் பழைய எஞ்சின்களிலும் அச்சமின்றிப் பயன்படுத்தலாம்.

எண்ணெய்: டீசல் எஞ்சினின் எண்ணெய், மாற்றிய சில நாள்களிலேயே கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏற்றுக்கொள்வதே அதன் வேலையாதலின், கறுப்பைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அளவு குறைவதே அஞ்சத்தக்கது. சமதரையில் நிறுத்தி, எஞ்சின் ஆறிய பின் அளவுகோலைப் பார்த்தல் வாரக் கடமை. சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை, அல்லது குறைவாக ஓடினும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை, எண்ணெயையும் அதன் வடிகட்டியையும் மாற்றுவது நலம். கியர் பெட்டி, டிரான்ஸ்பர் பெட்டி, இரு டிபரென்ஷியல்கள் ஆகிய நான்கு இடங்களில் கியர் எண்ணெய் உள்ளதைப் பலர் மறந்துவிடுகின்றனர். ஆழமான நீரைக் கடந்து வந்தபின் அவற்றின் எண்ணெய் பால் கலந்த தேநீர் நிறமாயிருந்தால், உள்ளே நீர் புகுந்துவிட்டது என்று பொருள்; உடனே மாற்ற வேண்டும்.

நீர்: கடலோரக் கிராமங்களின் கிணற்று நீர் பல இடங்களில் உவர்ப்பானது. அதனை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே உப்புப் படிந்து குழாய்கள் அடைபடும். காய்ச்சி வடித்த நீரும் கூலண்டும் கலந்து ஊற்றுவதே முறை. வண்டி சூடேறுகிறதென்று தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவது நோயை விட்டு நாடியை அறுப்பதை ஒக்கும். சூடு ஏறியபோது ரேடியேட்டர் மூடியைத் திறக்கலாகாது. கொதிநீர் முகத்தில் பாயும். தண்ணீர் வற்றிய சூடான எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால், சிலிண்டர் ஹெட் வெடிக்கும். வண்டியை நிறுத்தி ஆறவிடுதலே வழி.

புகை கூறும் செய்தி

புகைபோக்கியைக் கவனிப்பவர் மெக்கானிக்கிடம் ஏமாறமாட்டார். கரும்புகை மிகுந்தால் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி; முதலில் காற்று வடிகட்டியையும் பின்னர் நாசில்களையும் பார்க்க வேண்டும். நீலப்புகை தொடர்ந்தால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. பிஸ்டன் ரிங்குகளோ வால்வுச் சீல்களோ தேய்ந்துள்ளன. குளிர்ந்த காலையில் சிறிது வெண்புகை இயல்பே. எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை வந்து, ரேடியேட்டர் நீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் காஸ்கட் பழுதென ஐயுறலாம். வண்டியை விலை பேசச் செல்பவர், எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது தாமே ஸ்டார்ட் செய்து பார்த்தல் வேண்டும். விற்பவர் முன்னதாகவே ஓட்டிச் சூடேற்றி வைத்திருந்தால், மறுநாள் காலை வருவதாகக் கூறித் திரும்புவது நன்று.

உயிருக்கு ஆபத்தானவை

வீட்டில் வேலை செய்வோர் மூன்றினை மறத்தலாகாது. முதலாவது, ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தலாகாது; இரும்புத் தாங்கிகளைக் கொடுத்த பின்னரே உள்ளே செல்ல வேண்டும். இரண்டாவது, பழைய ஜீப்புகள் பலவற்றில் கைப்பிரேக் பின் சக்கரங்களைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் பெட்டியின் பின்னால் சுழலும் தண்டினையே பிடிக்கிறது. பின் சக்கரம் ஒன்றை உயர்த்தியவுடன் தரையிலுள்ள மற்றச் சக்கரம் உருள வழி பிறந்து, வண்டி ஜாக்கியிலிருந்து சரியும். ஆதலின் உயர்த்துமுன், தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்தல் வேண்டும். மூன்றாவது, நாசிலிலிருந்து பாயும் டீசல் தோலைத் துளைத்து உட்செல்லும் அழுத்தம் உடையது. அதன் முன் கையை நீட்டிச் சோதித்தல் கூடாது. தோலுக்குள் டீசல் புகுந்துவிட்டால், காயம் சிறிதாய்த் தோன்றினும் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். பம்பு, நாசில் வேலைகளை அதற்கென உள்ள கடைக்காரரிடமே விடுதல் அறிவுடைமை.

தவிர, கடற்காற்று படும் ஊர்களில் அடிச்சட்டம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மாதம் ஒரு முறை நல்ல நீரால் அடிப்பகுதியைக் கழுவி, கிரீஸ் நிப்பிள்களுக்கெல்லாம் கிரீஸ் அடித்து, பட்டைகளின் யு-போல்ட்டுகளை இறுக்கிப் பார்க்க வேண்டும். பிரேக் திரவம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. இரண்டாண்டுக்கு ஒரு முறை அதனை மாற்றுவது பாதுகாப்பு. ஆண்டுச் சோதனைக்கு ஏற்ற நாள் ஆயுத பூசைக்கு முந்திய நாள். வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் இடுமுன், பிரேக்கையும் பெல்ட்டையும் வைப்பரையும் விளக்குகளையும் பார்த்துவிட்டால் மழைக்காலத்திற்கு வண்டி ஆயத்தமாகிவிடும்.

ஆவணங்கள்

எஞ்சினைவிட ஆவணத்தில் ஏமாந்தவரே பலர். பதிவுச் சான்றில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் வண்டியில் பொறித்துள்ள எண்களோடு ஒப்பிட வேண்டும். பழைய பெட்ரோல் ஜீப்பில் டீசல் எஞ்சின் ஏற்றியிருப்பது உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு இத்தகைய மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. மாற்றம் முறைப்படி அனுமதிக்கப்பட்டுப் பதிவில் ஏறியிராவிடில், பதிவைப் புதுப்பிக்கும்போதும் விபத்து இழப்பீட்டின்போதும் இடர் நேரும்.

சொந்த உபயோக வண்டியின் பதிவு முதலில் 15 ஆண்டுக்குச் செல்லும். அதன்பின் சோதனைக்கு உட்படுத்தி, ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். படிவம் 25-இல், காலம் முடிவதற்கு முந்திய 60 நாள்களுக்குள் விண்ணப்பிக்கலாம். புதுப்பிக்கும் கட்டணம் 2022-இல் உயர்த்தப்பட்டுள்ளது. பசுமை வரியும் உண்டு. ஆகவே வாங்குமுன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் நடப்புத் தொகையைக் கேட்டறிந்து விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும். தில்லித் தலைநகர வட்டாரத்தில் 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு 2015-இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் விதித்த தடையைக் கேள்வியுற்று இங்குள்ளோர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வாணை அவ்வட்டாரத்தைப் பற்றியது; புதுக்கோட்டை மாவட்டத்திற்கு உரியதன்று.

அரசு அலுவலக ஜீப்பின் செய்தி வேறு. 2023 ஏப்ரல் 1 முதல், 15 ஆண்டு கடந்த அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படுவதில்லை. அவை உடைப்பதற்கே உரியன. ஆதலின் 'ஏலத்தில் எடுத்த சர்க்கார் ஜீப்' என்று எவரேனும் அத்தகைய வண்டியைக் காட்டினால், பணம் கொடுத்தல் வேண்டாம். மேலும், சொந்த உபயோகப் பதிவுடைய வண்டியில் வாடகைக்கு ஆளோ சரக்கோ ஏற்றுவது குற்றம். விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி பொறுப்பை மறுக்கவும் இடமாகும்.

கணக்கு

எடுத்துக்காட்டாக ஓர் ஊகக் கணக்குப் போடுவோம். அங்கத்தினர்கள் தத்தம் தொகைகளை இட்டுக்கொள்க. டீசல் லிட்டர் 90 ரூபாய், வண்டி லிட்டருக்கு 10 கிலோமீட்டர், மாத ஓட்டம் 500 கிலோமீட்டர் என்று கொண்டால் டீசல் செலவு 4,500 ரூபாய். டயர்த் தேய்மானம் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய் வீதம் 500. எண்ணெயும் வடிகட்டிகளும் 80 காசு வீதம் 400. காப்பீடு, வரி, புகைச் சான்று ஆகியவற்றின் மாதப் பங்கு 800. பெரிய பழுதுக்கென ஒதுக்குவது 1,500. ஆக மொத்தம் 7,700 ரூபாய். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் 40 காசு. இதே வண்டி மாதம் 100 கிலோமீட்டர் மட்டும் ஓடினால், செலவு 3,380 ரூபாய். கிலோமீட்டருக்கு 33 ரூபாய் 80 காசு. அதாவது நிற்கும் வண்டியே அதிகம் தின்கிறது. ஆண்டில் சில நாள் மட்டும் தேங்காயோ நெல்லோ ஏற்ற வேண்டியவருக்கு வாடகை வண்டியே இலாபம். வாரத்தில் பல நாள் சேற்று வழி செல்ல வேண்டியவருக்கே சொந்த ஜீப் கட்டும்.

மேற்கண்ட 1,500 ரூபாயைத்தான் பலர் விட்டுவிடுகின்றனர். தேய்மானத்திற்கு ஒதுக்காமல் இலாபம் முழுவதையும் பங்கிட்டுக்கொள்ளும் சங்கம் எந்நிலை அடையும் என்பதை அங்கத்தினர்கள் அறிவர். வண்டிக்கும் நியாயம் அதுவே. கிளட்ச், பம்பு, டயர் ஆகியவை ஒரு நாள் போகும் என்பது உறுதி. எந்த நாள் என்பதே தெரியாது. அதற்கென மாதந்தோறும் சங்கத்தில் தனிச் சேமிப்பாக இட்டுவந்தால், அந்த நாளில் நகை அடகுக்குச் செல்ல வேண்டியதில்லை. பயிர்க்கடனை வண்டிக்குத் திருப்புவது மட்டும் அறவே கூடாது. தவணை தவறினால் வட்டிச் சலுகை போவதுடன், அடுத்த பருவத்துக் கடனும் தடைப்படும். வண்டி நிற்கலாம், நடவு நிற்கலாகாது.

இறுதியாக, வண்டிக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்தல் வேண்டும். தேதி, ஓடிய தூரம், ஊற்றிய டீசல், மாற்றிய எண்ணெய், கொடுத்த தொகை ஆகிய ஐந்து பத்திகள் போதும். ஆறு மாதக் கணக்கைக் கூட்டினால், வண்டியை வைத்துக்கொள்வதா விற்பதா என்பதற்கு அந்தப் புத்தகமே விடை கூறும். விற்க நேரினும், முறையாக எழுதிய அப்புத்தகத்தைக் கண்டு வாங்குபவர் கூடுதல் விலை கொடுக்கத் தயங்கமாட்டார். வண்டி உடைய அங்கத்தினர்கள் இம்மாதமே அதனைத் தொடங்குவார்களாக.